பெனே இஸ்ரேல் யூதர்கள்: வேண்டுதல், மலீடா, ஜெப ஆலயம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெனே இஸ்ரேல் என்பவர்கள் யார்?

மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில், அலிபாக் வட்டாரத்தில் வேரூன்றிய யூத சமூகம். தாய்மொழி மராத்தி. முன்னோர்கள் வந்த கப்பல் நவ்காவ் அருகே உடைந்தது, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரையேறினார்கள் என்பது அவர்கள் மரபு. கரை ஒதுங்கிய உடல்களைப் புதைத்த இடம் என்று நவ்காவில் ஒரு மயானமும் நினைவுத்தூணும் இருக்கின்றன. அது எந்த நூற்றாண்டு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

கிராமங்களில் செக்கு ஆட்டி எண்ணெய் எடுப்பது அந்தக் காலத்தில் இவர்கள் தொழில். சனிக்கிழமை செக்கு ஓடியதில்லை. அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை ஓய்வெடுக்கும் வாணியர். குடும்பப் பெயர் ஊரிலிருந்து வரும்: பென் என்றால் பென்கர், ரோஹா என்றால் ரோஹேகர், நவ்காவ் என்றால் நவ்காவ்கர்.

பல நூற்றாண்டுகள் அவர்களிடம் யூத வேதமான தோராவின் சுருளும் இல்லை, மதகுருவான ரபியும் இல்லை. மிஞ்சியிருந்தவை சனிக்கிழமை ஓய்வு, எட்டாம் நாள் விருத்தசேதனம், சில பண்டிகைகள், செதிலும் துடுப்பும் உள்ள மீனை மட்டும் உண்ணும் வழக்கம், ‘ஷெமா இஸ்ரேல்’ என்று தொடங்கும் ஒரே ஒரு ஜெபம். நம்பிக்கையை விளக்கும் நூல் கையில் இல்லாத சமூகம், செய்கையால் தன்னை அடையாளம் கண்டுகொண்டது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

ஒருவருடைய சொந்த அனுபவத்துக்கும் ஜெப ஆலயத்துக்கும் என்ன சம்பந்தம்?

மும்பையின் முதல் ஜெப ஆலயமே ஒருவரின் சொந்த அனுபவத்திலிருந்து எழுந்ததுதான். சாமுவேல் எசெக்கியேல் திவேகர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்தவர். மைசூர்ப் போரில் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டார். உயிரோடு திரும்பினால் கடவுளுக்கு ஓர் ஆலயம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார் என்று சமூகத்தில் சொல்வார்கள். விடுதலையாகி வந்து 1796ல் மாண்ட்வி பகுதியில் ‘ஷார் ஹரஹமீம்’, அதாவது கருணையின் வாசல், என்ற ஆலயத்தைக் கட்டினார். அந்தத் தெரு இன்றும் சாமுவேல் தெரு. அருகிலுள்ள மஸ்ஜித் ரயில் நிலையத்தின் பெயருக்கும் இந்த ஆலயமே காரணம் என்பார்கள். அக்கம்பக்கத்தார் யூதர் ஆலயத்தையும் மஸ்ஜித் என்றுதான் அழைத்தார்கள்.

ஆபத்து வந்தது, வேண்டிக்கொண்டார், ஆபத்து நீங்கியது, சொன்னதைச் செய்தார். இந்த வரிசை நம் ஊர் நேர்த்திக்கடனை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. பெனே இஸ்ரேலில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உலகெங்கும் யூதர்கள் சொல்லும் ‘ஹகோமெல்’ ஆசீர்வாதம், மற்றது இவர்களுக்கே உரிய ‘மலீடா’.

ஹகோமெல் யார், எப்போது சொல்ல வேண்டும்?

சங்கீதம் 107ஐ வைத்து தல்மூது என்ற யூதச் சட்ட நூல் நான்கு பேரைக் குறிப்பிடுகிறது: கடல் கடந்து வந்தவர், பாலைவனம் தாண்டியவர், நோயிலிருந்து எழுந்தவர், சிறையிலிருந்து வெளிவந்தவர். திவேகர் நான்காம் வகை. இன்றைக்கு ஆலயத்தில் அதிகம் சொல்பவர்கள் மூன்றாம் வகையினர்.

எவ்வளவு நோய் என்றால் சொல்லலாம்? பெனே இஸ்ரேல் பின்பற்றும் செபர்திய (ஸ்பெயின் வழி யூத) வழக்கப்படி, படுக்கையில் கிடத்திய எந்த நோயும் போதும். அஷ்கெனாசிகள் என்ற ஐரோப்பிய யூதர்கள் உயிருக்கு ஆபத்தாக இருந்திருக்க வேண்டும் என்பார்கள். விமானப் பயணத்துக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் வழக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது. உங்கள் ஆலயத்துப் பெரியவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

செய்முறை சுருக்கமானது. ஆலய நிர்வாகியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தோரா வாசிப்பு திங்கள், வியாழன், சனிக்கிழமைகளில் நடக்கும். உங்களை மேடைக்கு அழைப்பார்கள். வாசிப்புக்குப் பிந்தைய ஆசீர்வாதம் முடிந்ததும் நின்றபடி, தகுதியற்றவர்களுக்கும் நன்மை செய்கிறவர் எனக்கு எல்லா நன்மையும் செய்தார் என்ற பொருள்படும் ஒற்றை வாக்கியத்தை எபிரேயத்தில் சொல்ல வேண்டும். கூடியிருப்பவர்கள் பதில் வாழ்த்துச் சொல்வார்கள். அவ்வளவுதான், அரை நிமிடம்.

வழக்கமாகச் சிக்குவது ஆள் கணக்கில்தான். வயது வந்த 10 ஆண்கள் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஆபத்து நீங்கி மூன்று நாளுக்குள் சொல்வது சிறப்பு என்பதால், சிலர் அவசரப்பட்டு வியாழன் காலையே வந்து நிற்பார்கள். பழைய மும்பை ஆலயங்களில் வாரநாளில் 10 பேர் சேர்வது நிச்சயமில்லை. தள்ளிப்போனாலும் சொல்லலாம், எனவே சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வதே நல்லது. இன்னொன்று: மேடையில் அறுவைச் சிகிச்சையின் முழு வரலாற்றையும் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பிறகு சர்பத் குடிக்கும்போது எல்லோரும் கேட்பார்கள்.

மலீடா என்றால் என்ன?

எலியா தீர்க்கதரிசியை நினைத்து, இனிப்பு அவல் தட்டை நடுவில் வைத்துச் செய்யும் நன்றி வழிபாடு. புது வீடு, வேலை, பரீட்சையில் தேர்ச்சி, கல்யாணம், குழந்தைப்பேறு, நோய் குணமாவது என எதற்கும் வேண்டிக்கொள்ளலாம். வீட்டிலும் நடக்கும், ஆலய மண்டபத்திலும் நடக்கும்.

எலியா ஏன் என்றால், அவர் நெருப்பு ரதத்தில் வானுக்கு ஏறும்போது கொங்கணில் இறங்கிப் போனார் என்பது இவர்கள் நம்பிக்கை. அலிபாக் அருகே கண்டாலா என்ற ஊரில் ஒரு பாறையில் ரதச் சக்கரமும் குதிரைக் குளம்பும் பட்ட தடம் என்று காட்டுவார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் அங்கே போய் மலீடா வைப்பார்கள். யூத நாட்காட்டியின் ஷ்வாட் மாதம் 15ஆம் நாள், அதாவது ஜனவரி–பிப்ரவரியில் வரும் மரங்களின் புத்தாண்டு அன்று, ‘எலியாஹு ஹநாபியின் உரூஸ்’ என்ற பெயரில் பெரிய மலீடா நடக்கும். புனே போகிற வழியில் உள்ள மலைவாசஸ்தலமான கண்டாலா வேறு. பெயரை மட்டும் பார்த்து ரயில் ஏறினால் வேறு மலையில் போய் நிற்பீர்கள்.

மலீடா தட்டு எப்படித் தயார் செய்வது? எங்கே தவறும்?

10 முதல் 12 பேருக்கு அரை கிலோ கெட்டி அவல், ஒரு பெரிய தேங்காயின் துருவல், 200 முதல் 250 கிராம் சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம், ஆறு ஏலக்காய், ஒரு கைப்பிடி முந்திரி, பாதாம், திராட்சை. அவலைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, உடனே வடிதட்டில் கொட்டிப் பத்து நிமிடம் விட வேண்டும். ஊற வைக்கக் கூடாது. விரலால் நசுக்கினால் மசியவேண்டும், ஆனால் ஒவ்வொரு அவலும் தனித்தனியாகத் தெரியவேண்டும். பிறகு இனிப்பு, ஏலப்பொடி, கடைசியாகத் தேங்காய். கையால் புரட்டினால் போதும், அழுத்திப் பிசையாதீர்கள்.

மெல்லிய அவலை வாங்கினால் அலசும்போதே கூழாகிவிடும். வெல்லத்தைப் பாகு காய்ச்சி ஊற்றினால் அவல் இறுகிக் கட்டி தட்டும். காலையிலேயே கலந்து வைத்தால் மும்பைப் புழுக்கத்தில் மாலைக்குள் தேங்காய் புளித்துவிடும். வழிபாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கலப்பதே சரி.

அவலைக் குவித்து, சுற்றிலும் குறைந்தது ஐந்து வகைப் பழங்களை அடுக்குவார்கள். பேரீச்சையும் வாழைப்பழமும் தவறாமல் இருக்கும். மேலே ரோஜா இதழ்கள் அல்லது வாசனைத் தழை. எபிரேய ஜெபங்களும் ‘எலியாஹு ஹநாபி’ பாட்டும் முடிந்த பிறகு ஒவ்வொரு வகைக்கும் அதற்குரிய ஆசீர்வாதத்தைச் சொல்லி உண்பார்கள். மரக்கனிக்கு ஒன்று, நிலத்து விளைச்சலுக்கு ஒன்று, அவலுக்கு ஒன்று, நறுமணத்துக்கு ஒன்று.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறுவது வாழைப்பழத்தில். பார்க்க மரம்போல இருந்தாலும் யூதச் சட்டப்படி வாழை மரமல்ல. குலை தள்ளியபின் தண்டு பட்டுப்போய் பக்கக் கன்று எழுவதால், அது நிலத்து விளைச்சலில் சேரும். ஆகவே பேரீச்சை, ஆப்பிள், மாதுளைக்குச் சொல்லும் ஆசீர்வாதம் வாழைப்பழத்துக்குப் பொருந்தாது.

வீட்டுச் சமையல் யூத அடையாளத்தில் எவ்வளவு முக்கியம்?

பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது அடுப்படிதான். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்ற விதி கொங்கணில் எளிதாகத் தீர்ந்தது. தேங்காய்ப்பால் பால் கணக்கில் வராது. ஆகவே கறிக்குழம்பும் தேங்காய்ப்பாலில், அதற்குப் பின் வரும் இனிப்பும் தேங்காய்ப்பாலில்.

யூதப் புத்தாண்டுக்குச் செய்யும் ‘சிக் ச்சா ஹல்வா’ இதற்கு நல்ல உதாரணம். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுப்பது வரை திருநெல்வேலி அல்வாவின் வழியேதான். அதன்பின் நெய்க்குப் பதில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேரும். நெய் சேர்த்தால் அது பால் பண்டமாகிவிடும், இறைச்சி விருந்துக்குப் பின் பரிமாற முடியாது. கிளறத் தொடங்கினால் மணிக்கணக்கில் கையெடுக்கக் கூடாது. அடி பிடித்தால் அந்த வாசனை தேங்காய்ப்பாலில் ஏறி மொத்தமும் வீணாகும். இப்போது பலர் கடற்பாசி சேர்த்து அரைமணியில் முடிக்கிறார்கள். துண்டு அழகாக விழுகிறது, ஆனால் பழைய பதம் வராது.

வெள்ளிக்கிழமை இரவு ‘கித்தூஷ்’ என்ற ஆசீர்வாதம் சொல்லத் திராட்சரசம் வேண்டும். விதிப்படி தயாரித்த ஒயின் கிடைக்காத ஊரில் கருந்திராட்சை சர்பத்தே ஒயின். உலர்ந்த கருந்திராட்சை கால் கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர், இரவு முழுக்க ஊறவேண்டும். மறுநாள் அதே தண்ணீரில் மசித்து, மெல்லிய துணியில் வடித்துக் குளிர வைப்பார்கள். திராட்சையை முதலில் நன்றாகக் கழுவாவிட்டால் அடியில் மணல் நிற்கும். வெளியில் வைத்தால் நுரைக்கத் தொடங்கும், வியாழக்கிழமைக்கு முன் செய்யாதீர்கள்.

மெஹந்தி, கருகமணி மாலை இதெல்லாம் யூத வழக்கமா, இந்துக்களிடமிருந்து வந்ததா?

இந்தக் கேள்வியை வெளியாட்கள்தான் விடாமல் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய மெஹந்தி மொராக்கோ, யேமன் யூதர்களிடமும் உண்டு. கருகமணி கோத்த மங்களசூத்திரம் மகாராஷ்டிரத்து வழக்கம். ஆலயத்துக்குள் மணப்பெண் நடந்து வரும்போது மாப்பிள்ளை ‘யோநாத்தி சிவ்’ என்ற எபிரேயப் பாட்டைப் பாடுவார். மூன்றும் ஒரே கல்யாணத்தில் நடக்கின்றன. பாட்டை மட்டும் யூதம் என்று எடுத்துக்கொண்டு மணியைக் கழித்தால், அந்தப் பெண்ணிடம் அவள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதாகவே ஆகாது.

பண்டிகைப் பெயர்களும் இப்படித்தான். பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூர் இவர்கள் பேச்சில் கதவடைப்புப் பண்டிகை, எருசலேம் ஆலயம் இடிந்த துக்கநாளான ஒன்பதாம் ஆவ் அவரைக் குழம்புப் பண்டிகை. நாள், நோன்பு, காரணம் எல்லாம் யூதம், கூப்பிடும் பெயர் மராத்தி.

தாய் யூதர் இல்லையென்றால்?

கவனம் தேவைப்படும் இடம் இது. பாரம்பரிய யூதச் சட்டத்தில் தாய் யூதரானால் பிள்ளை யூதர். இல்லையேல் மதமாற்றம் வேண்டும். மூன்று பேர் கொண்ட மதநீதிமன்றம், ஆணுக்கு விருத்தசேதனம், பிறகு ‘மிக்வே’ என்ற சடங்கு நீர்த்தொட்டியில் மூழ்கி எழுதல். இந்தியாவில் நிரந்தர மதநீதிமன்றம் சுலபமாகக் கிடைக்காது என்பதால், காத்திருப்பே ஆண்டுக்கணக்கில் போகும்.

இஸ்ரேலின் குடியேற்றச் சட்டம் வேறு கணக்கு. 1970ல் திருத்தப்பட்டபின் பாட்டன், பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே குடியுரிமை உண்டு. ஆனால் அங்கே திருமணப் பதிவு ரபிகளின் கையில். ஆகவே குடியுரிமை கிடைத்தவருக்கு அங்கே யூதத் திருமணம் மறுக்கப்படலாம். இரண்டும் ஒன்றென்று நினைத்துக் கிளம்புவதால்தான் பல குடும்பங்களுக்குச் சிக்கல் வருகிறது.

சமூகத்துக்குள்ளேயே ஒரு பழைய காயமும் உண்டு. கலப்பு மணத்தில் பிறந்தவர்களின் வழியினரைக் ‘காலா (கறுப்பு) இஸ்ரேல்’ என்றும் மற்றவரைக் ‘கோரா (வெள்ளை) இஸ்ரேல்’ என்றும் பிரித்து, ஒன்றாக உண்பதையும் பெண் கொடுப்பதையும் தவிர்த்த காலம் இருந்தது. முதியவர்களிடம் பேசும்போது இதை நீங்களாக எடுக்காதீர்கள். அவர்களே சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

1962–64ல் என்ன நடந்தது? அதை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல் மக்கள் மற்ற யூதர்களை மணக்க வந்தபோது, முன்னோரில் மதமாற்றமோ கலப்போ இருந்ததா என்று தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கி விசாரிக்கும்படி 1962ல் தலைமை ரபிகள் மன்றம் பதிவாளர்களுக்கு உத்தரவிட்டது. பெனே இஸ்ரேலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட உத்தரவு அது. 1964 கோடையில் எருசலேமில் குடும்பங்களோடு போராட்டம் நடந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று தீர்மானம் நிறைவேற்ற, உத்தரவிலிருந்து அந்தப் பெயர் நீக்கப்பட்டது.

அதற்கு முன்பே மும்பையில் பாக்தாத் யூதர்கள் (ஈராக் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள்) தங்கள் ஆலயங்களில் இவர்களைத் தோரா வாசிக்க அழைக்காமலும் 10 பேர் கணக்கில் சேர்க்காமலும் இருந்தார்கள். இன்று அதே பாக்தாத் ஆலயங்களில் 10 பேர் நிறைவதே பெனே இஸ்ரேல் உறுப்பினர்களால்தான்.

ஆகவே இந்தச் சமூகத்தில் ‘நீங்கள் எப்படி யூதர்?’ என்ற கேள்வி வெறும் ஆர்வமாகக் காதில் விழாது. விசாரணையாக விழும். அதைக் கேட்பதைவிட ‘வெள்ளிக்கிழமை மாலை உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?’ என்று கேட்பது மேல்.

குடும்ப ஆவணங்களில் எந்தக் குழப்பம் அதிகம்?

பெயர். திவேகரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாமுவேல் எசெக்கியேல் என்பவரும் சாமாஜி ஹசாஜி என்பவரும் ஒரே ஆள். வீட்டில் மராத்தி வடிவம், ஆலயத்தில் எபிரேயம், பள்ளியில் ஆங்கிலம். மூன்று காகிதத்தில் மூன்று பேர் இருப்பதுபோலத் தோன்றும். சிலர் ‘கர்’ பெயரை விட்டுவிட்டுத் தந்தை பெயரையே குடும்பப் பெயராக்கியிருப்பார்கள்.

முதலில் பெற்றோரின் ‘கெத்துபா’ என்ற திருமண ஒப்பந்தத்தைத் தேடுங்கள். அதில் மணமக்களின் பெயரும் தந்தையரின் பெயரும் இருக்கும். அடுத்து ஆலயத் திருமணப் பதிவேடு, அதன்பின் கல்லறைக் கல். கல்லில் எபிரேயமும் மராத்தியும் சேர்ந்திருந்தால் இரண்டு பெயருக்கும் அதுவே பாலம். மழைக்காலத்துக்கு முன் போய்ப் படமெடுங்கள். பாசி ஏறினால் எழுத்து தெரியாது, சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும்.

ஆலயத்தில் உறுப்பினர் தன் அனுபவத்தைப் பேசச் சொன்னால் எப்படித் தயாராவது?

ஐந்து முதல் ஏழு நிமிடம். சனிக்கிழமை என்றால் தோரா வாசிப்புக்குப் பிறகோ, ஜெபம் முடிந்து சர்பத் வேளையிலோ நேரம் கொடுப்பார்கள்.

மரபுவழி ஆலயத்தில் சனிக்கிழமை ஒலிபெருக்கி கிடையாது, கைப்பேசி கிடையாது, எழுதவும் கூடாது. எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிக்கலாம். ஆனால் ஓய்வுநாளில் அதைத் தெருவில் சுமந்து வரக் கூடாது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஆலயத்தில் வைத்துவிட வேண்டும். தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்க, எழுதியதை ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள்.

உள்ளடக்கத்தில், நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சி, அதன்பின் நீங்கள் செய்த ஒரே ஒரு காரியம், அந்த வாரத் தோராப் பகுதியிலிருந்து ஒரு வசனம். இதற்கு மேல் ஏழு நிமிடத்தில் ஏறாது. ‘யூதராக இருப்பது எனக்கு என்ன’ என்று தொடங்கினால் எவரும் சொல்லக்கூடிய வாக்கியங்களே வரும். ‘அப்பா இறந்தபின் பதினொரு மாதம் கத்தீஷ் (இறந்தவருக்கான ஜெபம்) சொல்ல வந்தேன், முதல் வாரம் எனக்கு எபிரேய எழுத்து தெரியாது’ என்று தொடங்கினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பேச்சு கெடுவது பெரும்பாலும் வம்சாவளியில். எட்டுத் தலைமுறையை அடுக்கினால், மூன்றாவது பெயரிலேயே முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திருத்தத் தொடங்குவார், நேரம் அங்கேயே தீரும். ‘நம்மவர்கள் எப்போதும் இப்படித்தான்’ என்ற வாக்கியமும் வேண்டாம். பென் கிராமத்து வழக்கமும் ரோஹா வழக்கமும் ஒன்றாக இருந்ததில்லை.

நிகழ்ச்சியை நடத்துபவருக்கு ஒரு விதி: மதம் மாறி வந்தவரின் பழைய வாழ்க்கையை அவருக்கு நினைவூட்டிப் புண்படுத்துவதைத் தல்மூது தடைசெய்கிறது. எப்போது மாறினீர்கள், ஏன் மாறினீர்கள் என்று கூட்டத்தில் கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் அது வேறு.

பெண்கள் பேசலாமா? 10 பேர் கணக்கில் சேர்வார்களா?

மரபுவழி ஆலயங்களில் சேர மாட்டார்கள், இருக்கையும் தனி. பேச அழைப்பது பெரும்பாலும் ஜெபம் முடிந்த பிறகு. மும்பையில் 1925ல் தொடங்கிய யூத சமய ஒன்றியம் தாராளவாத மரபைச் சேர்ந்தது. அதைத் தொடங்கியவர்களில் முன்னின்றவர் மருத்துவர் ஜெருஷா ஜிராட் என்ற பெண்மணி. டெல்லியின் ஜூடா ஹயம் ஆலயத்திலும் பெண்களைச் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

கொச்சி யூதர்களும் இவர்களும் ஒன்றா?

இல்லை. கொச்சியினர் மலையாளம் பேசியவர்கள், தோரா சுருளும் கல்வியும் அறுபடாமல் வைத்திருந்தவர்கள். ஆனால் உறவு நெருக்கமானது. கொங்கணுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியர்களில் பலர் கொச்சிக்காரர்கள்.

போய்ப் பார்க்க விரும்பினால்?

மும்பையில் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இரண்டு ஆலயங்கள், பைகுல்லாவின் மகேன் டேவிட் (1864), கோட்டைப் பகுதியின் கெனெசெத் எலியாஹு (1884), பாக்தாத் யூதர்கள் கட்டியவை. பெனே இஸ்ரேல் வாழ்க்கையைக் காண சாமுவேல் தெருவுக்கோ, தாணேயில் உள்ள 1879ஆம் ஆண்டு ஆலயமான ‘ஷார் ஹஷமாயிம்’முக்கோ போங்கள். பலர் தாணேக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் அங்கே கூட்டம் அதிகம்.

முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், படம் ஒட்டிய அசல் அடையாள அட்டை கொண்டுபோங்கள். பாதுகாப்புச் சோதனை கடுமை, கைப்பேசியில் உள்ள நகல் பல இடங்களில் செல்லாது. ஆண்கள் தலையை மூட வேண்டும், குல்லா வாசலில் கிடைக்கும். சனிக்கிழமை படமெடுக்கவோ குறிப்பெழுதவோ கூடாது. ஜெபம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் கையை நீட்டினால் குலுக்காதீர்கள். அவர் விரல்களை உங்கள் இரு கை விரல்களாலும் தொட்டு, பிறகு உங்கள் விரல் நுனியை உதட்டில் ஒற்றிக்கொள்ளுங்கள். பெயர் ‘ஹாத் போஷி’, எல்லோரோடும் முடிக்கச் சற்று நேரமாகும்.